ஏட்டுப் பிரதியும் இயந்திரப் பிரதியும்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்துதவுமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியப் பொருளொன்றையே தேர்ந்தெடுப்பேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யான் தேர்ந்த பொருளோ, மெய்நிகர் இயந்திரத்தின் விம்பமொன்றைக் கட்டளை வரியால் நிறுவும் முறை. இது தமிழாசிரியனின் துறையன்றே எனச் சிலர் புருவம் நெறிக்கலாம். துறை வேறுபோலத் தோன்றினும் அதன் உள்ளீடு எமக்கு நெடுநாட் பழக்கமானதே. மூலத்தைப் பேணுதல், பிழையின்றிப் படியெடுத்தல், எடுத்த படியை ஒப்புநோக்கல், சொல்லைப் பொருளறிந்து வழங்கல் என்னும் நான்கும் ஏட்டுச் சுவடிகளைக் கையாண்ட எம் முன்னோர் போற்றிய நெறிகள். அந்நான்கும் இல்லாதவன் கணினியிலும் இடர்ப்படுவான் என்பதை யான் பட்டறிந்தே எழுதுகிறேன்.

யான் ஆனையிறவுக்கு அண்மையிலுள்ள பாடசாலையொன்றிற் கற்பிப்பவன். பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் பெற்றவனேயன்றிக் கணினித் துறையிற் பட்டம் பெற்றவன் அல்லன். எமது கணினிக் கூடத்தின் திறப்பு என் கைக்கு வந்தது தகுதி பற்றியன்று; அதனை வாங்கிக்கொள்ள வேறொருவர் முன்வராமை பற்றியே. கூடத்தில் இருந்தவை பழைய கணினிகள் எட்டு. 2022 ஆம் ஆண்டு நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்து, மார்ச்சு மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட காலத்தில், அவற்றுள் இரண்டின் வன்றட்டுக்கள் பழுதாயின. புதியன வாங்கலாமெனின் விலை எட்டாத உயரத்துக்குச் சென்றிருந்தது. அந்நிலையிற் கடல் கடந்து வாழும் எம் பாடசாலையின் பழைய மாணவர் சிலர் ஒன்றுகூடி, 32 கிகாபைற்று நினைவகமுடைய வலிய கணினியொன்றை அன்பளித்தனர்.

எமக்கு வேண்டியிருந்தனவோ நான்கு காரியங்கள். நூலகப் பட்டியலைப் பேணுதல் ஒன்று; மாணாக்கர் தகவல் தொழினுட்பப் பாடத்திற் பயிற்சி செய்தல் ஒன்று; ஆசிரியர் வினாத்தாள் ஆக்குதல் ஒன்று; மாணவர் தொகுத்த ஊர்ச் சொற்களையும் முதியோர் நினைவுகளையும் தட்டச்சிட்டு வைத்தல் ஒன்று. நான்கையும் ஒரே இடத்தில் வைத்தால், பயிற்சி செய்யும் சிறுவன் ஒருவனின் கைத்தவறு நூலகப் பட்டியலைக் கெடுத்துவிடும். வினாத்தாளும் பரீட்சைக்கு முன்னரே ஊருலாப் போய்விடும். கணினியோ ஒன்று. ஒன்றை நான்காக்கும் வழி யாது எனத் தேடியபோதே மெய்நிகர் இயந்திரம் என்னும் பெயரை யான் முதன்முதற் கேட்டேன்.

உப்பளமும் வரம்பும்

ஆனையிறவிற் பிறந்து வளர்ந்தோர்க்கு இதனை விளக்க உப்பளமே போதும். கடனீரேரியின் நீர் முதலிற் பெரிய தேக்கங்களுட் புகும். அங்கிருந்து செறிவாக்கும் பாத்திகளுக்கும், ஈற்றிற் படிகமாக்கும் பாத்திகளுக்கும் செல்லும். கடல் நீரில் உப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 3.5 பங்கே. வெயிலும் சோளகக் காற்றும் நீரைக் குடிக்கக் குடிக்கச் செறிவு ஏறி, முதலிற் ஜிப்சம் படிந்து நீங்கும். போமே அளவையில் 25 பாகையளவிற் கறியுப்பு படிகமாகத் தொடங்கும். நிலம் ஒன்றே; வெயில் ஒன்றே; நீரும் ஒன்றே. ஆயினும் ஒரு பாத்தியில் உள்ளது மற்றப் பாத்தியோடு கலத்தலாகாது. கலந்தால் இரண்டும் கெடும். கலவாது காப்பது வரம்பு. வேண்டிய அளவு நீரை வேண்டிய பாத்திக்கு விடுவது மதகு.

வலிய கணினியொன்றை உப்பளத்து நிலமெனக் கொள்க. அதன் நினைவகமும், கணிக்கும் செயலியும், வன்றட்டும் வெயிலும் நீரும் போல்வன. அவற்றை வரம்பிட்டுப் பிரித்து, ஒவ்வொரு பிரிவும் தன்னைத் தனியொரு கணினியென்றே எண்ணித் தொழிற்படுமாறு செய்யும் மேற்பார்வை மென்பொருள் ஒன்று உண்டு. அம்மென்பொருளே வரம்பும் மதகும். அப்பிரிவு ஒவ்வொன்றும் ஒரு மெய்நிகர் இயந்திரம். அதனுள் இருப்பவனுக்குத் தான் பாத்தியொன்றினுள் இருப்பது தெரியாது; முழு உப்பளமும் தனதே என எண்ணுவான். ஒரு பாத்தி உடைந்தாலும் அடுத்த பாத்தி வழமைபோல விளையும்.

இஃது இற்றைநாட் கண்டுபிடிப்பன்று. அமெரிக்காவின் கேம்பிறிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தார் 1967 ஆம் ஆண்டளவில் இதனைச் செய்து காட்டினர். 1972 இல் வி.எம்./370 என்னும் பெயரில் யாவர்க்கும் விற்பனைக்கு விட்டனர். ஒரு கணினி ஓர் அறையளவு பருத்து, ஒரு செல்வரின் சொத்தளவு விலைபெற்ற காலம் அது. ஆதலால் ஒன்றைப் பலர் பகிர வேண்டியிருந்தது. 1974 இற் பொபெக், கோல்ட்பேக் என்னும் அறிஞர் இருவர் மெய்நிகர் இயந்திரத்துக்கு உரிய இலக்கணத்தை வகுத்தனர். உண்மைக் கணினியிற் போலவே எதுவும் நிகழவேண்டும். வளங்கள் யாவும் மேற்பார்வை மென்பொருளின் ஆட்சியில் இருக்கவேண்டும். வேகம் பெரிதுங் குறைதலாகாது. இம்மூன்றுமே அவ்விலக்கணத்தின் சாரம். பின்னர்க் கணினிகள் மலிந்தபோது இவ்வெண்ணம் சிறிது உறங்கிற்று. 1998 இல் வி.எம்.வெயார் நிறுவனம் தோன்றியபின் மீண்டும் விழித்தது. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இன்ரெல், ஏ.எம்.டி. ஆகிய நிறுவனங்கள் தம் செயலிகளிலேயே இதற்குத் துணைசெய்யும் அமைப்பைப் புகுத்தின. 2007 இல் லினக்சு முறைமையின் கருவிலேயே கே.வி.எம். என்னும் மேற்பார்வைப் பகுதி இடம்பெற்றது. அது விலையின்றிக் கிடைப்பது. எம்போன்ற பாடசாலைகளுக்கு அச்சொல்லின் அருமை சொல்லாமலே விளங்கும்.

விம்பம் என்பது யாது?

பாத்தி கட்டினால் மட்டும் போதாது. அதனுள் நீர் வேண்டும். வெறுமையான மெய்நிகர் இயந்திரத்தினுள் பணிசெயல் முறைமையொன்றைப் புகுத்த வேண்டும். பழைய முறையில் இஃது ஒரு மணித்தியால வேலை. திரை கேட்கும் வினாக்கள் பலவற்றுக்கு விடையிறுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். நான்கு இயந்திரத்துக்கு நான்கு முறை விடையிறுத்தால், ஒன்றிலேனும் விடை மாறுபடும். பின்னர் எது எவ்வாறு மாறிற்று என்பதைச் செய்தவனே அறியான்.

விம்பம் என்பது, முன்னரே ஒருவர் முறையாக நிறுவி முடித்த கணினியொன்றின் வன்றட்டு முழுவதையும் ஒரே கோப்பாகப் படியெடுத்து வைத்தது. பணிசெயல் முறைமை, அதன் துணைக்கருவிகள், கோப்புகளின் ஒழுங்கு யாவும் அதனுள் அடங்கும். உபுண்டு, டெபியன் முதலிய லினக்சு வெளியீட்டாளர் இத்தகைய விம்பங்களைத் தம் தளங்களில் இலவசமாக வைத்திருக்கின்றனர். சில நூறு மெகாபைற்று அளவினதாகிய அக்கோப்பைப் பெற்றுவிட்டால், ஒரு கணினியை நிறுவுதல் என்பது ஓர் ஏட்டைப் படியெடுத்தல் போலாகிவிடுகின்றது.

ஏட்டைப் படியெடுத்தோர் செய்த முதற் காரியம் யாது? ஒப்புநோக்கல். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இற் கலித்தொகையை அச்சேற்றியபோது, கிடைத்த ஏடுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தே பாடத்தை உறுதிசெய்தார். ஓர் எழுத்து மாறினாற் பொருள் மாறும் என்பதை அவர் அறிவார். கணினி விம்பத்திலும் அவ்வாறே. நூற்றுக்கோடிக் கணக்கான குறிகளுள் ஒன்று வழியிற் சிதைந்தாலும் இயந்திரம் எழாது போகலாம். அன்றி எழுந்து பின்னொருநாள் வீழலாம். இதற்கென ஒரு கணக்கு வகுத்துள்ளனர். கோப்பு முழுவதையும் அக்கணக்கிற் செலுத்தினால் 64 குறிகள் கொண்ட ஒரு தொடர் கிடைக்கும். அது கோப்பின் கைரேகை போல்வது. ஓர் எழுத்து மாறினும் தொடர் முற்றும் வேறாகும். வெளியீட்டாளர் தம் தொடரைத் தம் தளத்தில் வெளியிட்டிருப்பர். எம் கோப்புக்குக் கிடைத்த தொடரும் அதுவும் ஒன்றாயின் படி பிழையற்றது. ஆனையிறவுப் பகுதியில் இணையத் தொடர்பு இடையிடையே அறுவதுண்டு; யான் இறக்கிய முதல் விம்பம் ஒப்புநோக்கலிற் பிழைத்தது. ஒப்புநோக்காது விட்டிருந்தால் ஒரு கிழமையை இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக் கழித்திருப்பேன்.

கட்டளையும் ஏவல் வாக்கியமும்

இனிக் கட்டளை வரி. இற்றைநாட் சிறுவர் கணினியை அறிவது சுட்டியாலும் தொடுதிரையாலுமே. படத்தைக் காட்டிச் சொடுக்குதல் இலகு. ஆயினும் அதில் ஒரு குறையுண்டு. சொடுக்கியதை எழுதி வைத்தல் அரிது. "மேலே இடப்பக்கத்தில் உள்ளதைச் சொடுக்கு; பிறகு வரும் பெட்டியில் மூன்றாவதைச் சொடுக்கு" என எழுதினால், அடுத்த பதிப்பில் அப்பெட்டி இடம் மாறியிருக்கும். கட்டளை வரியிலோ, செய்யவேண்டியதைச் சொல்லாலேயே சொல்லுகிறோம். சொல்லை எழுதலாம், கொப்பியில் வைக்கலாம், மாணவனுக்குக் கொடுக்கலாம், பத்தாண்டு கழித்தும் பார்த்துத் திருத்தலாம். எழுத்து வந்தபின் மனித அறிவு ஒருவரோடு மாயாது நின்றது போலவே, கட்டளை வரியால் ஒருவரின் கைவேலை மற்றொருவர்க்கு உரிமையாகின்றது.

கட்டளைக்கு இலக்கணம் உண்டு. அது முழுவதும் ஏவல் வாக்கியம். முதற் சொல் விளி. எக்கருவியை அழைக்கிறோம் என்பதை அது காட்டும். அடுத்தது ஏவல் வினை. பின்னர் வருவன செயப்படுபொருளும் அடைகளும். அடைகள் பெரும்பாலும் இரு சிறுகோடுகளோடு தொடங்கும். பெயர் இது, நினைவகம் இவ்வளவு, தட்டு இது என ஒவ்வொன்றும் தன் வேலையைச் சொல்லும். வேற்றுமை உருபு பெயரின் பொருளை வேறுபடுத்துவது போல, இவை கட்டளையின் பொருளை வேறுபடுத்தும். எமது மொழியிற் சொற்கள் புணரும். கட்டளையிற் புணர்ச்சிக்கு இடமில்லை. இரு சொல்லிடையே வெற்றிடம் கட்டாயம். வேண்டாத இடத்தில் வெற்றிடம் விட்டால் ஒரு சொல் இரண்டாகிப் பொருள் திரியும். உரோம எழுத்திற் பெரியதும் சிறியதும் வேறு வேறு. இவற்றை எம் மாணாக்கர்க்கு இலக்கண வகுப்பிலேயே சொன்னேன். தகவல் தொழினுட்ப வகுப்பிற் கொட்டாவி விட்டவன் ஒருவன், "ஐயா, அப்ப இதுவும் எழுவாய் பயனிலை மாதிரித்தானே" என்றான். அன்று தொடக்கம் அவன் பிழைவிடவில்லை.

நிறுவும் படிமுறை

யாம் வழங்கும் கருவிகள் மூன்று. ஒன்று, கியூ-எமு என்பதன் விம்பக் கருவி. பிரான்சு நாட்டவரான பப்ரிஸ் பெல்லார் 2003 இல் வெளியிடத் தொடங்கியது கியூ-எமு. மற்றையவை லிப்வேர்ட் என்னும் தொகுதியைச் சார்ந்த வேர்ட்-இன்ஸ்ரோல், வேர்ஷ் என்பன. முன்னது இயந்திரத்தை நிறுவுவது. பின்னது நிறுவியதை ஆள்வது. கட்டளைகள் உரோம எழுத்திற் தட்டப்படும். ஈண்டு அவற்றின் பொருளைத் தமிழ் ஏவல் வாக்கியமாகவே தருகிறேன்.

முதலாவது, நிலம் தகுதியானதா என நோக்குதல். கணினியின் செயலி மெய்நிகராக்கத்துக்குத் துணைசெய்கின்றதா எனப் பார்க்க வேண்டும். புதிய செயலிகள் பெரும்பாலும் துணைசெய்வன. ஆயின் கணினி எழும்போது தோன்றும் தொடக்க அமைப்புத் திரையில் அவ்வசதி அணைக்கப்பட்டிருக்கலாம். எமது கணினியிலும் அவ்வாறே இருந்தது. அதனைத் திறந்துவிடும்வரை எந்தக் கட்டளையும் பலிக்காது.

இரண்டாவது, மூலத்தைப் பெற்று ஒப்புநோக்குதல். இதனை மேலே விளக்கினோம். ஒப்புநோக்கிய மூல விம்பத்தைத் தனி இடத்தில் வைத்து, எவரும் எழுதமுடியாதவாறு வாசிப்புக்கு மட்டும் உரியதாக்கி விடுக. இச்சிறு அறிவுரையின் பெருமையைப் பின்னர்க் காண்பீர்கள்.

மூன்றாவது, மேலேடு ஆக்குதல். நான்கு இயந்திரத்துக்கு நான்கு முழுப் படிகள் எடுத்தால் வன்றட்டு வீணாகும். அதற்கு ஓர் உபாயம் உண்டு. மூல விம்பத்தின்மேல் ஒளி ஊடுருவும் தாளொன்றை விரித்ததாகக் கொள்க. மாற்றம் எதுவும் அத்தாளிலேயே எழுதப்படும். மாற்றமில்லாத இடங்களில் அடியிலுள்ள மூலமே தெரியும். அத்தாளையே யான் மேலேடு என்கிறேன். "விம்பக் கருவியே, இம்மூலத்தை அடியாகக் கொண்டு, 20 கிகாபைற்று வரை வளரத்தக்க மேலேடு ஒன்றை ஆக்குக" என்பது கட்டளை. கண்ணிமைப்பதற்குள் முடியும். ஆக்கிய மேலேடு தொடக்கத்திற் சில நூறு கிலோபைற்று அளவினதே. எழுத எழுதவே வளரும்.

நான்காவது, பெயர் சூட்டுதல். விம்பம் பொதுவானது. அதற்குப் பயனர் எவர், கடவுச்சொல் யாது, பெயர் யாது என்பன தெரியா. கிளவுட்-இனிற் என்னும் ஏற்பாடு இதற்கு உண்டு. சிறிய உரைக் கோப்பொன்றில் இவ்விவரங்களை எழுதி வைத்தால், இயந்திரம் முதன்முறை கண்விழிக்கும்போது அதனைப் படித்துத் தன்னை அமைத்துக்கொள்ளும். பிறந்த குழந்தையின் காதிற் பெயர் சொல்வது போல்வது இது. அக்கோப்பில் வரித் தொடக்கத்து இடைவெளிகள் பொருளுடையன; அவை பிசகினால் இயந்திரம் எழும், ஆனால் உள்ளே புக எவராலும் இயலாது.

ஐந்தாவது, எழுப்புதல். "வேர்ட்-இன்ஸ்ரோலே, நூலகம் என்னும் பெயரில், 2048 மெகாபைற்று நினைவகமும் இரு செயலிகளும் தந்து, இம்மேலேட்டைத் தட்டாகக் கொண்டு, இன்ன பணிசெயல் முறைமையென அறிந்து, இப்பெயர்க் கோப்பைப் படித்து, புதிதாக நிறுவாது உள்ளதை ஏற்று எழுப்புக" என்பது அந்நெடிய கட்டளையின் பொருள். ஈற்றில் வரும் "உள்ளதை ஏற்று" என்னும் அடை இன்றியமையாதது. அதனை விட்டுவிட்டால், நிறுவற் தட்டு எங்கே எனக் கருவி கேட்டுக்கொண்டு நிற்கும். எல்லாம் ஒழுங்காயின் கருந்திரையில் வரிகள் மளமளவென ஓடி, ஈற்றிற் பயனர் பெயரைக் கேட்டு நிற்கும். எமது கூடத்தில் அது முதன்முதல் நின்றபோது, சூழ நின்ற மாணாக்கர் கைதட்டினர்.

நூலகம் எழுந்தபின், பெயரை மட்டும் மாற்றி அதே கட்டளைகளை மீளச் செலுத்திப் பயிற்சி, வினாத்தாள், தொகுப்பு என்னும் மற்றை மூன்றையும் எழுப்பினோம். முதலாவதற்கு இரண்டு நாள் சென்றது. மற்றை மூன்றுக்கும் சேர்த்து இருபது நிமிடமும் ஆகவில்லை. பழைய கணினிகள் வலையமைப்பின் வழி அவற்றுக்கு வாயில்களாயின.

சொற்பொருள் அறிதல்

எழுந்த இயந்திரத்தை ஆளும் வேர்ஷ் கருவியின் ஏவல் வினைகள் பலவும் பெயரளவிலேயே விளங்குவன. பட்டியலிடுக, தொடங்குக, அணைக என்பன அவை. மின்சாரம் மீளும்போது தானே எழுமாறு செய்வது ஒன்று. மின்வெட்டு வருமுன் இருந்த நிலையிலேயே உறங்கவைத்துப் பின் விழிக்கச் செய்வது ஒன்று. இவ்விரண்டும் எம் நாட்டுக்கெனவே ஆக்கியன போலும்.

ஆயின் இரு சொற்களிற் கவனம் வேண்டும். "அழி" எனப் பொருள்படும் ஆங்கில வினையொன்று உண்டு. கேட்டவன் நடுங்குவான், உண்மையில் அஃது இயந்திரத்தின் மின்கம்பியைச் சடுதியாகப் பிடுங்குவது மட்டுமே. சேமியாதன போகலாமேயன்றித் தட்டு அழியாது. "வரையறை நீக்கு" எனச் சாதுவாகத் தோன்றும் வேறொரு வினை உண்டு. அது தனித்து வருமிடத்து இயந்திரத்தின் விவரத்தை மட்டும் நீக்கும். "சேமிப்பு யாவற்றையும் அகற்று" என்னும் அடை அதனோடு சேர்ந்தால், தட்டும் தட்டிலுள்ள யாவும் கேளாமலே போய்விடும். அஞ்சத்தக்க சொல் அடங்கிய செயலையும், அடங்கிய சொல் அஞ்சத்தக்க செயலையும் குறித்தன. சொல்லின் ஓசையை நம்பாது பொருளை ஆராய்க என்று இலக்கிய வகுப்பிற் சொல்வோமே, அதற்கு இதனிலும் நல்ல உதாரணம் யான் கண்டிலேன்.

யான் செய்த பிழை

நிற்க. இதுகாறும் வெற்றியையே சொன்னேன். கட்டுரையை எழுதத் தூண்டியதோ தோல்வி.

தொகுப்பு இயந்திரத்தில் இருந்தவை யாவை என முன்னரே குறித்தேன். எம் மாணவர் பன்னிருவர் சனிக்கிழமைதோறும் உப்பளத்தில் முன்னாளில் வேலைசெய்த முதியோரை வீடுகளிற் கண்டு, தொழிற்சொற்களையும், காற்றின் பெயர்களையும், இடப்பெயர்வுகளின் கதைகளையும் கேட்டெழுதினர். ஆனையிறவு 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளிற் பெரும்போர் கண்ட நிலம். அங்கே பிறப்புப் பதிவும் புகைப்படமும் மிஞ்சிய வீடுகள் சில. மிஞ்சியது பெரும்பாலும் நினைவே. அந்நினைவுகளை ஏழு மாதம் எழுதித் தட்டச்சிட்டனர்.

ஒருநாள் நான்கு இயந்திரத்திலும் புதிய தமிழ் எழுத்துருக்களைச் சேர்க்க விரும்பினேன். நான்கிலும் தனித்தனி சேர்ப்பானேன், மூலத்திற் சேர்த்தால் நான்கிலும் தெரியுமே எனச் சோம்பலும் அரைகுறை அறிவும் கூடி யோசனை சொல்லின. மூல விம்பத்தின் பூட்டைத் திறந்து, அதனையே ஓர் இயந்திரமாக எழுப்பி, எழுத்துருக்களைச் சேர்த்து அணைத்தேன். மறுநாட் காலை நான்கும் வீழ்ந்தன. காரணம் எளிது. மேலேடு என்பது மாற்றங்களை மட்டும் கொண்டது. மற்றையவற்றை அடியிலுள்ள மூலத்தின் இன்ன பக்கம், இன்ன வரி என நம்பியிருப்பது. மூலத்திற் பக்கங்கள் இடம்மாறியதும், மேலேடு சொன்னதற்கும் மூலம் காட்டியதற்கும் பொருத்தமற்றுப் போயிற்று. மூலத்தைத் திருத்தாதே என்பது பதிப்பாசிரியர்களின் முதல் விதி. அதனை மாணவர்க்குக் கற்பித்தவன் யான், மீறியவனும் யானே.

இயந்திரங்களை மீள எழுப்புதல் பெருங்காரியமாக இருக்கவில்லை. கட்டளைகள் கொப்பியில் இருந்தன. புதிய மூலத்தை இறக்கி, ஒப்புநோக்கி, பூட்டி, நான்கு மேலேடு ஆக்கி, நான்கையும் எழுப்ப அரை மணித்தியாலமும் செல்லவில்லை. பயிற்சி இயந்திரம் முன்போலாயிற்று. நூலகப் பட்டியலின் அச்சுப் பிரதி இருந்தது. ஆயின் தொகுப்பு இயந்திரம் புத்தம் புதிதாய், வெறுமையாய் எழுந்து நின்றது. ஏழு மாதம் அதனுள் இல்லை.

மாணவரை அழைத்து நடந்ததைச் சொன்னேன். ஒருவரும் என்னைக் குறைகூறவில்லை; அதுவே எனக்குப் பெரிய தண்டனையாயிற்று. பின்னர் ஒவ்வொருவராக வீடு சென்று பழைய கொப்பிகளைத் தேடி வந்தனர். பன்னிருவருள் ஒன்பதின்மரின் கொப்பிகள் கிடைத்தன. மற்றை மூவரும், தட்டச்சு முடிந்ததுதானே என எண்ணிக் கொப்பிகளைக் கைவிட்டிருந்தனர். அம்மூவரும் கண்டு பேசிய முதியோருள் இருவர் அதற்குள் காலமாகிவிட்டனர். ஒரு மூதாட்டி மட்டும், "திரும்பவும் சொல்லட்டோ பிள்ளையள்? அதுக்கென்ன, இருங்கோ" என்று சொல்லி, முழுவதையும் மீளச் சொன்னார். மற்றை இருவரின் சொற்கள் போயினவே.

இயந்திரம் வேறு, ஏடு வேறு

இதனால் யான் கற்றது ஒன்று. விம்பமும் கட்டளையும் இயந்திரத்தை மீட்டுத் தரும். இயந்திரத்தினுள் மனிதர் எழுதியதை மீட்டுத் தாரா. மீள ஆக்கத்தக்கது எது, மீள ஆக்க இயலாதது எது எனப் பிரித்தறிதலே இத்தொழிலின் உயிர். மீள ஆக்கத்தக்கதைக் கட்டளையாக எழுதி வைத்தாற் போதும். மீள ஆக்க இயலாததை இயந்திரத்துக்கு வெளியே, வேறு தட்டில், வேறு இடத்தில், வலையமைப்பில் இருந்து விலக்கி, படிமேற் படியாக வைத்தல் வேண்டும்.

இது சிறு பாடசாலைகளுக்கு மட்டும் உரிய பாடமன்று. 2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசின் மேகக் கணிமை அமைப்புக் கப்பம் கோரும் தீமென்பொருளாற் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சல் முகவரிகளைப் பயன்படுத்திய அலுவலகங்கள், அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை இழந்தன. அக்காலத்துக்குரியதும் தாக்குதலுக்கு எட்டாததுமான காப்புப்படி இல்லாமையே காரணம். சேவையகங்களை மீள எழுப்பலாம். மூன்று மாதத்துக் கடிதங்களை எவ்வாறு எழுப்புவது? 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. கட்டடத்தை மீளக் கட்டினோம். ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்த, வேறெங்கும் படியில்லாத ஏடுகளைக் கட்ட எவராலும் இயலவில்லை. அவ்விழப்பின் நினைவோடு வளர்ந்த தலைமுறையினரே 2005 இல் நூலகம் என்னும் இணைய நூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படியெடுத்து வருகின்றனர். படியெடுத்தல் எமக்கு வெறும் பொறித்தொழிலன்று என்பதற்கு அதுவே சான்று.

இப்பொழுது எமது கூடத்தில் மூன்று வழக்கங்கள் உள. மூல விம்பம் வாசிப்புக்கு மட்டும் உரியதாய்ப் பூட்டிக் கிடக்கும்; மாற்றம் வேண்டின் புதிய மூலம், புதிய பெயர், புதிய திகதி. கட்டளைகள் யாவும் ஒரு கொப்பியில் மாணவர் கையாலே எழுதப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் புதிய மாணவர் அதனைப் பார்த்து ஒரு முறை யாவற்றையும் முதலிலிருந்து எழுப்பிக் காட்டவேண்டும். தொகுப்பு வெள்ளிக்கிழமைதோறும் இரு தட்டுக்களிற் படியெடுக்கப்படும். ஒன்று பாடசாலையில், மற்றொன்று ஆறு கல் தொலைவிலுள்ள ஆசிரியர் ஒருவர் வீட்டில். படியெடுத்ததும் அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து ஒரு பக்கத்தை உரத்து வாசிக்க வேண்டும். வாசித்துப் பாராத படி படியாகாது. கொப்பிகளையும் இப்போது எவரும் கைவிடுவதில்லை.

போர்க்காலத்தில் நெடுநாள் உற்பத்தி நின்றிருந்த ஆனையிறவு உப்பளத்துக்கு 2025 மார்ச்சு மாதத்தில் ஆலையொன்றும் திறக்கப்பட்டது. பாத்திகளை மீள வெட்டினர்; வரம்புகளை மீளக் கட்டினர்; கடனீரேரி முன்போல நீர் தந்தது. ஆயின் எந்தக் காற்றுக்கு எந்த மதகைத் திறப்பது, உப்பு விளைந்ததை நிறத்தால் அறிவது எவ்வாறு என்பன அம்முதியோரிடத்தே இருந்த அறிவு. பாத்தி இயந்திரம் போல்வது, மீளக் கட்டலாம். அறிவு ஏடு போல்வது. படியெடுத்தால் மட்டுமே தங்கும்.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பாடசாலைகளுக்குக் கணினி அன்பளிக்கும்போது, அதனோடு ஒரு வெறுந்தட்டையும் சேர்த்து அன்பளியுங்கள். மாணவர்க்கு ஒரு சொல். கட்டளையைப் பொருளறிந்து தட்டுங்கள்; தட்டியதைக் கொப்பியில் எழுதுங்கள்; வீட்டிலுள்ள பாட்டன் பாட்டியரின் சொல்லை அதற்கு முன்னரே எழுதுங்கள். விழாக் காணும் எம் கல்லூரி மேலும் பல்லாண்டு இத்தகைய மலர்களைக் காண்பதாக. அம்மலர்கள் யாவும் ஈரிடத்தேனும் படியாய் இருப்பனவாக.